குரூப் போட்டோ பின்னாடி இருக்கற கிறுக்கல்: எழுதினது ஒரு ஆள் இல்ல, அதான் குழப்பமே

புதுசா படிக்கறவங்களுக்காக விஷயத்தை சுருக்கி சொல்லிடறேன். காரைக்குடி பக்கம் ரொம்ப நாளா பூட்டிக்கிடந்த தன்னோட பூர்வீக வீட்டை ஒருத்தர் சுத்தம் பண்றப்ப ஒரு குரூப் போட்டோ கிடைச்சிருக்கு. கனமான அட்டையில ஒட்டினது, படம் மட்டும் அளந்தா எட்டரைக்கு ஆறரை இன்ச், பதினோரு பேர். ஸ்டுடியோ பேர் இருந்திருக்க வேண்டிய கீழ் ஓரத்தை ஃப்ரேமுக்குள்ள அடங்கணும்னு யாரோ வெட்டிட்டாங்க. பின்னாடி மேல நடுவுல ‘உ’. வலது மூலையில பென்சில்ல 3184, அதுக்கு கீழ 3 போட்டு பக்கத்துல ஆங்கில எஃப், அடுத்த வரியில 1 போட்டு 12/15, அதுக்கும் கீழ 5-8-0. நடுவுல பழுப்பு மையில தமிழ்ல சில வரி, ஒரு லிஸ்ட், கடைசி வரி அழிஞ்சிருக்கு. ஒரு இடத்துல பென்சில்ல பெருக்கல் குறி. அடியில நீல பால்பாயிண்ட் பேனாவுல ‘ரங்கூனில் 1938-ல் எடுத்தது, தலைப்பாகை - ஐயா’. தலைப்பாகை கட்டினவர் பின்வரிசையில நிக்கற முப்பது முப்பத்தஞ்சு வயசு ஆளு, அவரைப்போய் ஐயான்னு, அதாவது தாத்தான்னு, எழுதியிருக்காங்களேன்னு கேள்வி கேட்டவர் முழிக்கறார். படம் எப்ப எடுத்தது, எங்க எடுத்தது, 5-8-0ன்னா ஆகஸ்ட் 5ஆம் தேதியா, மளளஸ்ரீன்னு யாரோ ஒரு அம்மா பேர் வருதே அது யாரு, இதான் கேள்வி.

இனி கேள்வி கேட்டவருக்கு: நீங்க பண்றது எல்லாரும் பண்றதுதான், பின்பக்கத்துல இருக்கறதை எல்லாம் ஒரே ஆள் ஒரே நாள்ல எழுதின மாதிரி மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு மூச்சுல படிக்கப் பாக்கறீங்க. அப்படி படிச்சா ஒண்ணும் வராது. அந்த அட்டையில குறைஞ்சது மூணு கை இருக்கு, நாலாவும் இருக்கலாம். ஸ்டுடியோக்காரன் தனக்காக எழுதிக்கிட்டது, குடும்பத்து ஆள் ஒருத்தர் இன்னொருத்தருக்காக எழுதினது, பல வருஷம் கழிச்சு யாரோ ஞாபகத்துலேர்ந்து எழுதினது. யார் கை, எதுக்காக எழுதினாங்கன்னு முதல்ல பிரிச்சிட்டு அப்புறம் எழுத்தை படிங்க, பாதி சிக்கல் அங்கயே அவிழ்ந்துடும்.

பென்சில்லேர்ந்து ஆரம்பிக்கலாம், அது சுலபம். 3184ங்கறது நெகட்டிவ் நம்பர். அந்தக் காலத்து ஸ்டுடியோவுல கண்ணாடி பிளேட்டோ ஷீட் ஃபிலிமோ எடுத்ததும் ஒரு நம்பர் குடுத்து ரிஜிஸ்டர்ல ஏத்திடுவாங்க, பின்னாடி காப்பி கேட்டு வந்தா அந்த நம்பரை வச்சுதான் தேடுவாங்க. 3 எஃப்னா பெரும்பாலும் மூணு ஃபுல் பிளேட் காப்பி. இதை ஊகமா விட வேண்டாம், ஸ்கேலை வச்சு பாத்தாச்சு நீங்களே: ஃபுல் பிளேட்டோட அளவு ஆறரைக்கு எட்டரை இன்ச், உங்க படம் அதே அளவு. ஹாஃப் பிளேட்னா நாலே முக்காலுக்கு ஆறரை, கேபினெட்டும் கிட்டத்தட்ட அந்த சைஸ்தான், பதினோரு பேரை அதுல அடைச்சா முகம் மிளகு சைஸுக்கு வந்துடும். 1, 12/15ங்கறது பன்னண்டுக்கு பதினஞ்சு இன்ச்சுல ஒரு என்லார்ஜ்மென்ட். இதை மனசுல வச்சுக்கங்க, பெருக்கல் குறிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நினைக்கறேன், பின்னாடி வரேன்.

5-8-0 தேதி இல்ல, காசு. அஞ்சு ரூபா எட்டணா, பைசா கிடையாது, அதாவது அஞ்சரை ரூபா. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பைசா (பழைய பைசா, பைன்னும் சொல்லுவாங்க), நடுவுல கோடு போட்டு மூணு கட்டமா எழுதறதுதான் வழக்கம். கடைசி கட்டத்துல சைபர் நிக்கறதே இது தேதி இல்லன்னு காட்டிக்குடுக்கற அடையாளம். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயாபைசா வந்துடுச்சு, அதுக்கப்புறம்னா 5.50ன்னு எழுதியிருப்பாங்க. ஜனங்க வாயில அணா இன்னும் பல வருஷம் ஓடிச்சுங்கறது வேற விஷயம், ஆனா கடை பில்லு எழுதற கை சீக்கிரம் மாறிடும். அது அட்வான்ஸா மொத்தமான்னு இதை மட்டும் வச்சு சொல்ல முடியாது.

இப்ப பழுப்பு மை. எழுதினப்ப அது பழுப்பா இருந்திருக்காது, புளூ பிளாக் மை. இரும்பு சத்து கலந்த மை வருஷக்கணக்குல காத்துல பட்டு துரு நிறத்துக்கு வந்துடும். உச்சியில தனியா நிக்கற ‘உ’ பிள்ளையார் சுழி, அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. ஆனா தமிழ் எண்ல 2க்கும் கையெழுத்துல அதே உருவம்தான் வரும், அதனால உச்சியில நடுவுல தனியா இருந்தா சுழி, வேற எண்ணோட ஒட்டி இருந்தா ரெண்டு. முஸ்லிம் வீட்டு படமா இருந்தா அந்த இடத்துல 786 இருக்கும், கிறிஸ்தவ வீடுன்னா சின்ன சிலுவை.

நீங்க டைப் பண்ணிக் குடுத்த முதல் வரி: ‘பாரததிப ளு ஆவணி மீ யச உ வியாழன’. கண்ணுக்கு தெரிஞ்சதை அப்படியே அடிச்சிருக்கீங்க, ரொம்ப நல்ல காரியம், சொந்தமா திருத்தி அடிச்சிருந்தா எனக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. முதல் விஷயம், எழுதினவர் புள்ளி வைக்கல. ஓலையில எழுதின பழக்கம் கணக்குப்பிள்ளை கைக்கு வந்து, அது காகிதத்துலயும் ரொம்ப காலம் தொடர்ந்துச்சு. அதனால ‘பாரததிப’ன்னா பார்த்திப, ‘வியாழன’ன்னா வியாழன், கீழ லிஸ்ட்ல நீங்க ஏதோ வேத்து மொழின்னு நினைச்ச ‘அபபசசி’ சாட்சாத் அப்பச்சிதான், அதாவது அப்பா. ரெண்டாவது, ‘ளு’ மாதிரி தெரியறது ௵, வருஷம். ‘மீ’ மாதிரி தெரியறது ௴, மாசம். கடைசியில இருக்கற ‘உ’ உண்மையில ௳, நாள். இந்த மூணு குறியும் பழைய பத்திரத்துல, கல்யாண ஓலையில, நாட்குறிப்புல எல்லாம் வரிக்கு வரி வரும். நடுவுல ‘யச’ன்னா ௰௪, பத்தும் நாலும், பதினாலு. இப்ப கம்ப்யூட்டர்ல தமிழ் எண் போடறவங்க ௧௪ன்னு போடுவாங்க, பழைய ஆளுங்க பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ன்னு தனி குறி வச்சு எழுதினாங்க. கையெழுத்துல ௰ ‘ய’ போலவும் ௱ ‘ள’ போலவும் ௲ ‘த’ போலவும் வரும். ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் ஞாபகம் வச்சுக்க ‘கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான்’னு ஒரு வாய்ப்பாடு சுத்திக்கிட்டிருக்கே, ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்தை எடுத்துக்கிட்டா எண்ணோட உருவம் கிட்டத்தட்ட வந்துடும்.

ஆக, பார்த்திப வருஷம் ஆவணி மாசம் 14ஆம் நாள் வியாழன். தமிழ் வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருதடவை சுத்தி வரும், பார்த்திப 1885-86லயும் வந்துச்சு, 1945-46லயும் வந்துச்சு, 2005-06லயும் வந்துச்சு. அதுல எதுன்னு கண்டுபிடிக்கத்தான் கிழமை. ஆவணி பிறக்கறது அந்தக் காலத்துல ஆகஸ்ட் 16 இல்ல 17, பஞ்சாங்கத்துக்கு பஞ்சாங்கம் ஒரு நாள் இழுக்கும். 1945ல ஆவணி 14ன்னா ஆகஸ்ட் 29 இல்ல 30. 1945 ஆகஸ்ட் 15 புதன்கிழமை, அப்ப 29ஆம் தேதி புதன், 30 வியாழன். வியாழன்னு எழுதியிருக்கறதால 1945 ஆகஸ்ட் 30. 1885ல அதே கணக்கு போட்டா வெள்ளி, சனி பக்கம் போயிடுது, ஒட்டாது. கிழமையை எழுதி வச்ச புண்ணியவான் யாரோ நமக்கு பூட்டும் சாவியும் சேர்த்து குடுத்துட்டுப் போயிருக்கார்.

ஆனா அவசரப்படாதீங்க, இது படம் எடுத்த தேதின்னு எழுதல. அடுத்த வரியைப் பாருங்க: ‘மளளஸ்ரீ மாமா அவரகளுககு’. மளளஸ்ரீ அம்மா பேரு இல்ல. ம-ள-ள-ஸ்ரீங்கறது மகாராஜராஜஸ்ரீங்கற மரியாதை அடைமொழியோட சுருக்கம், ஆங்கிலத்துல அதையே எம்.ஆர்.ஆர்.ஒய்.னு போடுவாங்க, அந்தக் காலத்து கடுதாசி விலாசம், கோர்ட்டு நோட்டீஸ், கல்யாண பத்திரிகை எதை எடுத்தாலும் ஆம்பளை பேருக்கு முன்னாடி இது ஒட்டிக்கிட்டு நிக்கும். ராஜாவுக்கும் கிடைக்கும், ரைஸ்மில் முதலாளிக்கும் கிடைக்கும். அப்ப இந்த வரியோட அர்த்தம், இந்தக் காப்பியை யாரோ தன்னோட மாமாவுக்கு அனுப்பியிருக்கார், தேதி அனுப்பின தேதி. படம் அதே வாரம் எடுத்ததாவும் இருக்கலாம், ஏழு வருஷம் முன்னாடி எடுத்ததாவும் இருக்கலாம், 1945 ஆகஸ்ட் 30க்கு அப்புறம் எடுத்ததா மட்டும் இருக்க முடியாது.

இதுல உங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு, அதை நீங்க கவனிக்கல. மூணு காப்பி போட்டாங்க, அதுல ஒண்ணு மாமாவுக்கு. அது உங்க பூர்வீக வீட்டுல கிடைச்சிருக்கு. அப்ப அந்த வீடு எழுதினவரோட வீடா இல்லாம மாமா வீடா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, அதாவது படத்துல இருக்கறது உங்க நேர் கோட்டு முன்னோர் இல்ல, பொண்ணு குடுத்த இடமோ எடுத்த இடமோ. உங்க பக்கம் சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கறது சகஜம்ங்கறதால ரெண்டும் ஒண்ணாவும் இருக்கலாம், அதை வீட்டு பெரியவங்கதான் சொல்லணும். ஆனா மத்த ரெண்டு காப்பியும் வேற ரெண்டு வீட்டுல இருக்க வாய்ப்பிருக்கு, அதுல யாராவது அடி ஓரத்தை வெட்டாம வச்சிருந்தா ஸ்டுடியோ பேரும் ஊரும் முழுசா கிடைச்சுடும். உங்க அட்டையை வச்சு மண்டையை உடைச்சுக்கறதை விட பங்காளி வீட்டு பரணை பாக்கறது சீக்கிரம் வேலைக்கு ஆகும்.

லிஸ்ட்டுக்கு வருவோம். பேர்களை நான் இங்க திருப்பி போடல, கடைசியில இருக்கற குழந்தைங்க இப்பவும் உயிரோட இருக்கலாம். உறவை மட்டும் எடுத்துக்கறேன்: ௧ ஐயா, ௨ அப்பத்தா, ௩ அப்பச்சி, ௪ ஆத்தா (அம்மா), ௫ பெரியண்ணன், ௬ ‘௸யார் பாரியாள் சௌ.’னு ஆரம்பிச்சு ஒரு பேர், ௭ தங்கை, ௮ம் ௯ம் ‘சி.’ போட்டு ரெண்டு பேர், ௰ அழிஞ்ச வரி. ௸ங்கறது மேற்படி, பத்திரத்துல பாத்திருப்பீங்க. ‘௸யார் பாரியாள்’னா மேல சொன்னவரோட சம்சாரம், ஆக ஆறாவது ஆள் பெரியண்ணன் மனைவி. மேற்படி எப்பவும் அதுக்கு நேர் மேல இருக்கற ஆளைத்தான் குறிக்கும், அதனால இந்த மாதிரி லிஸ்ட்டை காப்பி எடுக்கறப்ப வரிசையை மாத்திடாதீங்க, ஒரு வரி இடம் மாறினா ஒருத்தர் மனைவி இன்னொருத்தருக்கு போயிடுவாங்க. சௌ. சௌபாக்கியவதி, எழுதின அன்னைக்கு புருஷன் உயிரோட இருக்கார்னு அர்த்தம். பெரியண்ணன் 1945க்கு முன்னாடியே தவறிட்டார்னு வீட்டுல கதை இருந்தா அந்த கதையை மறுபடி விசாரிக்கணும். சி. சிரஞ்சீவி, சின்ன பசங்களுக்கு போடறது, அதை இனிஷியல்னு எடுத்துக்கிட்டு சி-யில ஆரம்பிக்கற தகப்பனாரை தேடி அலைஞ்சவங்க உண்டு.

இந்த உறவெல்லாம் எழுதினவர் நிக்கற இடத்துலேர்ந்துதான். அவருக்கு அப்பச்சி இருக்கார், ஆத்தா இருக்காங்க, அண்ணன் இருக்கார், தங்கச்சி இருக்கு, ஆனா ‘நான்’னு எங்கயும் இல்ல. படத்துல பதினோரு தலை, லிஸ்ட்ல பத்து நம்பர். தன்னை மாமாவுக்கு தெரியாதா என்னன்னு விட்டுட்டார். பேர் கிடைக்காத அந்த பதினோராவது ஆள்தான் இந்த பழுப்பு மை. பெரியண்ணன்னு சொன்னா இன்னொரு அண்ணனும் இருந்திருக்கணும், அவர் படத்துல இருக்காரா, இல்ல அந்த அழிஞ்ச பத்தாவது வரி அவரான்னு பாக்கணும்.

லிஸ்ட்ல இருக்கற நம்பரை படத்துல இடமிருந்து வலமா வச்சு பொருத்தப் பாத்தீங்கன்னு சொன்னீங்க, பொருந்தலன்னும் சொன்னீங்க. பொருந்தாது. நம்ம ஆளுங்க வயசு மரியாதைப்படிதான் எழுதுவாங்க, உக்காந்த வரிசைப்படி இல்ல. ‘இடமிருந்து வலம்’னு வெளிப்படையா எழுதியிருந்தாதான் அப்படி எண்ணணும்.

இப்ப பால்பாயிண்ட். இதைத்தான் நீங்க முதல்ல நம்பியிருக்கீங்க, ஏன்னா அது மட்டும்தான் தெளிவா படிக்க முடியுது. எனக்கு இருக்கறதுலயே சந்தேகம் அதிகம் இதுமேலதான். பால்பாயிண்ட் பேனா அமெரிக்காவுல கடைக்கு வந்து பரபரப்பா வித்ததே 1945 அக்டோபர்ல, நம்ம ஊர்ல சாதாரண வீட்டுக்கு வர இன்னும் பல வருஷம் ஆச்சு. ஆக 1938ன்னு அந்தப் பேனாவுல எழுதினவர் 1938ல எழுதல. அதுக்கு மேல ‘தலைப்பாகை’ங்கற வார்த்தையில ‘லை’யைப் பாருங்க. பழைய எழுத்துல லை, ளை, னை, ணை நாலுக்கும் முன்னாடி தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்ச கொம்பு வரும், றா, னா, ணா மூணுக்கும் கால் தனியா இல்லாம அடியில சுழிச்சு விடுவாங்க. பெரியாரோட எழுத்து சீர்திருத்தத்தை 1978ல எம்.ஜி.ஆர். அரசாங்கம் ஏத்துக்கிட்ட அப்புறம்தான் இப்ப நாம எழுதற ‘லை’ பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு. உங்க பால்பாயிண்ட் வரியில இருக்கறது புது ‘லை’. ஒரே விதிவிலக்கு, குடி அரசு பத்திரிகை 1935லேயே சீர்திருத்த எழுத்துல வர ஆரம்பிச்சுடுச்சு, அதனால சுயமரியாதைக்கார வீடா இருந்தா 1978க்கு முன்னாடியே அப்படி எழுதியிருப்பாங்க. பிள்ளையார் சுழி போட்ட வீட்டுல அதுக்கு வாய்ப்பு கம்மி, சரிதானே. ஆக அந்த வரி 1980 வாக்குலயோ அதுக்கப்புறமோ யாரோ காதால கேட்டதை வச்சு எழுதினது.

ஐயா குழப்பமும் இங்கதான் தீருது. நகரத்தார் (செட்டிநாட்டு செட்டியார்) வீட்டுல ஐயான்னா தாத்தா. 1945ல பழுப்பு மைக்காரருக்கு ஐயா யாரு, நடுவுல நாற்காலியில உக்காந்திருக்கற பெரியவர். 1980ல பேனா புடிச்சவருக்கு ஐயா யாரு, ஒரு தலைமுறை ரெண்டு தலைமுறை கீழ வந்துடுது, அதனால பின்னாடி நிக்கற முப்பத்தஞ்சு வயசுக்காரர் அவருக்கு ஐயா ஆயிடறார். ரெண்டு பேரும் சரியாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா சொல்றது வேற வேற ஆளை.

ரங்கூன்? இருக்கலாம், ஆனா நான் நம்பல. செட்டியார் கடைகளுக்கு பர்மா போனவங்க வழக்கமா மூணு வருஷ கணக்குக்கு தனியாத்தான் போவாங்க, குடும்பம் இங்க ஊர்ல இருக்கும். அப்பத்தா, ஆத்தா, மருமக, குழந்தை குட்டின்னு பதினோரு பேரும் ரங்கூன் ஸ்டுடியோவுல வந்து உக்காந்தாங்கன்னா அது அபூர்வம். 1941 டிசம்பர் 23 ரங்கூன்ல குண்டு விழுந்தப்புறம் இந்தியர்கள் கும்பல் கும்பலா கிளம்பிட்டாங்க, நிறைய பேர் அராக்கான் வழியாவும் அசாம் வழியாவும் நடந்தே வந்தாங்க, திரும்ப 1945 மே மாசம்தான் அந்த ஊர் பிரிட்டிஷ்காரங்க கைக்கு வந்துச்சு. 1945 ஆகஸ்ட்ல அங்கேர்ந்து குடும்ப போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பற நிலைமை இல்ல. எனக்கு தோணறது, தலைப்பாகைக்காரருக்கு ‘ரங்கூன் ஐயா’ன்னு வீட்டுல பேர் இருந்திருக்கும், அது காலப்போக்குல ரங்கூன்ல எடுத்த படம்னு மாறியிருக்கும். இது என் ஊகம்தான். 1938ங்கற வருஷம் ஒருவேளை சரியா இருக்கலாம், இடம் தப்பா இருந்தாலும்.

அதை சோதிக்க வழி இருக்கு. மடியில இருக்கற குழந்தை யாருன்னு தெரிஞ்சா அதோட ஜாதகத்தை எடுங்க, உங்க பக்கத்துல ஜாதகம் பத்திரமா இருக்கும். மடியில உக்கார்ற வயசு ரெண்டு மூணு வருஷத்துக்குள்ளதான், இதைவிட நம்பிக்கையான சாட்சி படத்துல வேற கிடையாது. ரெண்டாவது, முன்பக்கத்தை பெருசா ஸ்கேன் பண்ணி ஓரத்துல இன்னொரு படத்தோட விளிம்பு, குண்டூசி நிழல், படத்துக்குள்ளயே பதிஞ்ச கீறல் ஏதாவது தெரியுதான்னு பாருங்க. கையில தடவினா வழவழன்னு இருக்கு, கண்ணுக்கு மட்டும் கீறல் தெரியுதுன்னா அது பழைய படத்தை வச்சு திருப்பி போட்டோ எடுத்த காப்பி. அப்படி இருந்தா முதல் படம் ரங்கூன்லயோ எங்கயோ எடுத்திருக்க, காப்பி இங்க போட்டிருக்க வழி வருது, நான் மேல சொன்னதை கொஞ்சம் திருத்திக்கணும்.

பெருக்கல் குறி. இது ரெண்டு காரணத்துக்கு வரும். ஒண்ணு, இறந்தவரை அடையாளம் போடறது. இன்னொண்ணு, ‘இந்தத் தலையை மட்டும் பெருசு பண்ணு’ன்னு ஸ்டுடியோவுக்கு சொல்றது. தனியா படமே எடுத்துக்காம போய்ச் சேர்ந்தவங்களுக்கு குரூப்புலேர்ந்து தலையை மட்டும் எடுத்து, டச் பண்ணி, சட்டை கோட்டு கூட வரைஞ்சு மாட்டிவிடறது அப்ப சர்வ சாதாரணம். உங்க அட்டையில 12/15 என்லார்ஜ்மென்ட் ஒண்ணு ஆர்டர் ஆகியிருக்கு, குறியும் அதே பென்சில்ல இருக்குன்னா ரெண்டாவதுதான். எந்தத் தலைன்னு பாக்கறப்ப ஒரு விஷயம், பின்பக்கத்துல இடது ஓரத்துலேர்ந்து மூணு இன்ச்சுல குறி இருந்தா முன்பக்கத்துல அது வலது ஓரத்துலேர்ந்து மூணு இன்ச். மேல கீழ தூரம் மாறாது. அளந்து புடிச்சப்புறம் உங்க சாமி ரூம்லயோ வளவுலயோ (முற்றத்தை சுத்தின பகுதி) தொங்கற பெரிய படங்களைப் பாருங்க, தலை சாய்வு, காதுல வெளிச்சம் விழற பக்கம், மூக்கு நிழல் அப்படியே ஒத்துப்போகும். உடம்பை நம்பாதீங்க, அது பிரஷ் வேலையா இருக்கலாம்.

அழிஞ்ச பத்தாவது வரிக்கு. ரூம் லைட்டை அணைச்சிட்டு, அட்டையை படுக்க வச்சு, மொபைல் டார்ச்சை கிட்டத்தட்ட அட்டையோட மட்டத்துக்கே இறக்கி பக்கவாட்டுல அடிங்க. பேனா முள்ளு அழுத்தின பள்ளம் நிழலா எழும்பும். ஒரே பக்கம் அடிச்சா அந்த திசையில போற கோடு தெரியாது, அதனால நாலு பக்கத்துலேர்ந்தும் அடிச்சு நாலு படம் எடுங்க, இன்னொரு மொபைலை அசையாம நிறுத்தி வச்சு. அப்புறம் போட்டோ எடிட்டர்ல சிவப்பு, பச்சை, நீலம்னு சேனலை பிரிச்சு நீலத்தை மட்டும் பாருங்க, பழுப்பா போன மை நீலத்துலதான் அழுத்தமா தெரியும். கள்ள நோட்டு பாக்கற யூவி டார்ச் கிடைச்சா அதுலயும் ஒருதடவை, இரும்பு மை எவ்வளவு மங்கினாலும் யூவியில கருப்பா நிக்கும். அதே டார்ச்சை முன்பக்கம் படத்தோட வெள்ளை பகுதியில அடிங்க. பளிச்சுன்னு நீல வெள்ளையா ஒளிர்ந்தா அந்த பேப்பர்ல வெளுப்பேத்தற ரசாயனம் இருக்கு, அது 1950கள்ல வந்தது, அப்ப உங்க படம் பின்னாடி போட்ட பிரதி. ஒளிரலன்னா பழசுன்னு முடிவு பண்ணிட முடியாது, ஆனா நான் சொன்ன கணக்குக்கு இடைஞ்சல் இல்ல.

தண்ணி தொட்டு தேய்க்கறது, பவுடர் போடறது, லேமினேஷன் பண்றது எதுவும் வேண்டாம். ஃப்ரேம் கண்ணாடியோட படம் ஒட்டிக்கிட்டிருந்தா உரிக்காதீங்க, கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணுங்க. ஃப்ரேமுக்குள்ள முட்டுக்கு வச்ச பழைய பேப்பரை தூக்கிப் போட்டுடாதீங்க, சுதேசமித்திரனோ தினமணியோ தேதியோட ஒரு துண்டு இருந்தா ஃப்ரேம் போட்டது அந்த தேதிக்கு முன்னாடி இல்லன்னு உறுதி ஆயிடும்.

மத்தவங்க இதே மாதிரி பாக்கறப்ப வருஷ எண் மட்டும் விசித்திரமா இருந்தா: நாகர்கோவில், திருநெல்வேலி பக்கம்னா கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு), 825 கூட்டுங்க, ஆவணிக்கு முந்தி ஆவணிக்கு பிந்தின்னு ஒரு வருஷம் முன்ன பின்ன ஆகும், 1109ன்னு இருந்தா 1933-34. கர்ணம், மணியக்காரர் (பழைய கிராம அதிகாரிங்க) வீடுன்னா பசலி (வரி வசூல் கணக்கு ஆண்டு) இருக்கலாம், 590 கூட்டணும், 1355ன்னா 1945-46. திருவள்ளுவர் ஆண்டுன்னா 31 கழிக்கணும். வட்டம் வட்டமா முழி மாதிரி எண் இருந்தா பர்மிய எண், நிஜமாவே பர்மாவுல எடுத்த படத்துல வரும், உங்களுதுல அது ஒண்ணுகூட இல்லங்கறதையும் கவனிச்சேன். வலதுலேர்ந்து இடமா போற எழுத்துன்னா உருதுன்னு முடிவு கட்டிடாதீங்க, கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் தமிழையே அரபு எழுத்துல எழுதற அரபுத்தமிழ் இருந்துச்சு, படிக்கத் தெரிஞ்ச பெரியவங்க இன்னும் சிலர் இருக்காங்க.

ஸ்டுடியோ எதுன்னு ஒப்பிட்டுப் பாக்க, பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் ஆளுங்க பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட தமிழ்நாட்டு பழைய ஸ்டுடியோ படங்களை தேடித்தேடி ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. பின்னாடி தொங்கற திரைச்சீலை, காலடி விரிப்பு, பக்கத்துல இருக்கற பூத்தொட்டி ஸ்டாண்டு இதெல்லாம் ஒரு ஸ்டுடியோவுல பல வருஷம் மாறாது, அதை வச்சு பேர் வெட்டின அட்டையையும் அடையாளம் புடிக்கலாம். சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகமும் உங்க ஊர் பக்கம் கோட்டையூர்ல ஒருத்தர் சேர்த்த தொகுப்புலேர்ந்து வந்ததுதான், செட்டிநாட்டு காகிதம் எதைப் பத்தி கேக்கறதுக்கும் அங்க ஆள் இருக்கும்.

இப்போதைக்கு எனக்கு ரெண்டு விஷயம் வேணும். பத்தாவது வரியை நான் சொன்ன மாதிரி நாலு பக்கமும் லைட் அடிச்சு எடுத்து போடுங்க, சுருக்காம ஒரிஜினல் சைஸ்லயே. பெருக்கல் குறி எந்த ஓரத்துலேர்ந்து எத்தனை இன்ச்சுன்னு அளந்து, முன்பக்கம் அந்த இடத்துல யார் தலை வருதுன்னு சேர்த்து எழுதுங்க. தலைப்பாகைக்காரர் தலையா இருந்தா எனக்கு ஆச்சரியம் இல்ல.